செயின் வண்டியின் பழைய ரப்பர் டிராக்: எண் அழிந்திருந்தால் அளவை எப்படி அறிவது?

அம்பை வயல்காரர்:
வணக்கம். நதியுண்ணிக் கால்வாய்ப் பாசனத்தில் பயிர் செய்யும் நாங்கள் சிலர் சேர்ந்து, செயின் வகை நெல் அறுவடை இயந்திரம் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருக்கிறோம். சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் அதன் இரண்டு ரப்பர் டிராக்குகளிலும் அச்செண் தேய்ந்துபோய், ஒன்றில் ‘450’ என்பது மட்டுமே தெரிகிறது. வெளிப்புறப் பல்லின் உயரம் பாதிக்கு மேல் இருப்பதால் இந்தப் பிசான நெல் பருவத்திற்குத் தாங்கும் என்று விற்றவர் சொல்கிறார். அதை நம்பலாமா? மாற்றுவதானால் கடையில் எந்த அளவைச் சொல்லிக் கேட்க வேண்டும்?

பேட்டை பட்டறை:
அண்ணாச்சி, டிராக்கின் அளவு மூன்று எண்களில் அடங்கும். 450×90×51 என்று இருந்தால், அகலம் 450 மி.மீ., உட்புறம் பதிந்துள்ள இரும்புக் கட்டைகளில் ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 90 மி.மீ., சுற்றிலும் 51 கட்டைகள் என்று பொருள். கடைசி இரண்டு எண்களையும் பெருக்கினால் கிடைக்கும் 4,590 மி.மீ. அதன் சுற்றளவு. ஒரே ஒரு இடைவெளியை அளந்தால் பிழை வரும் என்பதால், தொடர்ச்சியாகப் பத்து இடைவெளிகளை அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். வெளிப்பல்லின் இடைவெளியை இதற்குக் கணக்கில் எடுக்க வேண்டாம். எண்ணத் தொடங்கும் கட்டையில் சுண்ணாம்பால் குறி வைத்துவிட்டால் எண்ணிக்கை தவறாது.

மூன்று எண்களும் ஒத்திருந்தாலும் உட்புற வழிகாட்டிப் புடைப்புகளின் உயரமும், எதிரெதிர்ப் புடைப்புகளுக்கு இடையேயுள்ள அகலமும் வேறுபட்டால் டிராக் அதன் உட்புறம் உருளும் ரோலரில் சரியாக உட்காராமல் கழன்றுவிடும். ஆகவே அவற்றையும் அளந்து, உட்புறத்தைப் படம் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

சேரன்மகாதேவி ஓட்டுநர்:
பல்லை மட்டும் பார்த்துச் சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். டிராக்கின் இழுவையைத் தாங்குவது ரப்பருக்குள் ஓடும் எஃகுக் கம்பிகள். வரப்பின் கல்லில் உரசி விளிம்பு கிழிந்தால், அந்தக் கிழிசல் வழியே சேற்றுநீர் இறங்கிக் கம்பி உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். பல் உயரமாக இருக்கும்போதே டிராக் அறுந்துபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். வண்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்தபின், பல்லின் அடிப்பகுதியில் வெடிப்பும், விளிம்பில் செந்நிறக் கறையும், வெளியே நீட்டிய கம்பிமுனையும் உள்ளனவா என்று பாருங்கள். கம்பி வரை எட்டாத சிறு கிழிசலைச் சூட்டில் ரப்பரை ஒட்டவைக்கும் வல்கனைசிங் செய்து மூடலாம். கம்பி துருவேறிவிட்டால் ஒட்டுப் போடுவது வீண் செலவு.

அம்பை வயல்காரர்:
பத்து இடைவெளிக்கு 900 மி.மீ. வந்தது, இரண்டிலும் கட்டைகள் 51. இடப்பக்க டிராக் நன்றாக இருக்கிறது. வலப்பக்க விளிம்பில் ஒரு சாண் நீளத்திற்குத் துருவேறிய கம்பி தெரிகிறது.

பேட்டை பட்டறை:
அப்படியானால் வலப்பக்க டிராக்கை அறுவடைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். சேற்று வயலின் நடுவில் அது அறுந்தால் வண்டியை வெளியே எடுப்பதே பெரும்பாடு. இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லதென்றாலும் கட்டாயமில்லை. பல்லுயரம் பெரிதும் வேறுபட்டால் வண்டி ஒருபுறம் சாய்ந்து, வெட்டும் உயரம் மாறும் என்பதை மட்டும் கவனியுங்கள். டிராக்கை இழுத்துச் சுற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் கொக்கிபோல் வளைந்திருந்தால் அதையும் உடன் மாற்ற வேண்டும். இல்லாவிடில் புதிய டிராக்கின் இரும்புக் கட்டையை அது தின்றுவிடும்.

சேரன்மகாதேவி ஓட்டுநர்:
பராமரிப்பைப் பொறுத்தவரை, தளர்ந்த டிராக் கழலும், அதிகம் இறுக்கியது ரோலர் பேரிங்கையும் கம்பியையும் கெடுக்கும் என்பதால், தொய்வை வண்டியின் கையேடு சொல்லும் அளவிலேயே வையுங்கள். புதிய டிராக் சிறிது ஓடியபின் தொய்வை மீண்டும் பார்க்க வேண்டும். தார்ச்சாலையில் நின்ற இடத்திலேயே திருப்புவதுதான் பல்லை அதிகம் தேய்க்கும். ஊர்விட்டு ஊர் போகும்போது லாரியில் ஏற்றிச் செல்லுங்கள். டீசலோ ஆயிலோ சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். பிசானம் முடிந்து சித்திரை வெயிலில் வண்டி சும்மா நிற்கும் காலத்தில், சேற்றையும் வைக்கோலையும் அகற்றி, கூரைக்கு அடியில் பலகைமேல் நிறுத்தி, அவ்வப்போது சிறிது தூரம் நகர்த்தி வையுங்கள்.