ஓய்வுக்குப் பின் சில்லறைச் செலவைக் குறைப்பதால் நிஜமாகவே மிச்சமாகிறதா?

நிலாமுற்றம்:
ஓய்வு பெற்றவர்களுக்கு இப்போது எல்லாரும் சொல்லும் அறிவுரை, "சில்லறைச் செலவை விடுங்கள், பெரிய செலவைப் பாருங்கள்" என்பது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

வேலையில் இருக்கும்போது வருமானத்தைக் கூட்ட வழி இருந்தது. பதவி உயர்வு, கூடுதல் நேரம், வேறு நிறுவனம் என்று ஏதாவது ஒன்று. ஓய்வுக்குப் பின் அந்த வழிகள் பெரும்பாலும் அடைபட்டுவிடும். வட்டி விகிதமும் விலைவாசியும் என்றுமே நம் பேச்சைக் கேட்டதில்லை. மிச்சம் இருப்பது செலவு ஒன்றுதான்.

1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், அந்நாட்டுச் சந்தையின் பழைய விவரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார். முதல் ஆண்டில் சேமிப்பிலிருந்து 4% எடுக்க வேண்டியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் விலைவாசி ஏறிய அளவுக்கு அந்தத் தொகையை ஏற்றிக்கொண்டே போக வேண்டியது. அப்படி எடுத்தும் பணம் 30 ஆண்டுகள் தாங்கியது என்று கண்டார். இதையே திருப்பிப் போட்டால், ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு கையிருப்பு வேண்டும். மாதச் செலவில் 300 மடங்கு. மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும் 100-ஐ அடியோடு நிறுத்தினால், கையில் கூடுதலாக 30,000 இருப்பதற்குச் சமம். யாரும் பார்க்காத சேனலின் சந்தா, எடுத்துப் பேசாத இரண்டாவது கைபேசி இணைப்பு, தானாகக் கழிந்துகொண்டிருக்கும் செயலிக் கட்டணம் எல்லாம் சில்லறைதான். ஒவ்வொன்றையும் 300-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டுச் சில்லறை என்று சொல்லுங்கள்.

கடற்காற்று:
ஐயா, பெருக்கல் சரி. அதே பெருக்கலைப் பெரிய செலவுக்கும் போடுங்கள். இருவர் மட்டும் வாழும் நான்கு அறை வீட்டின் பராமரிப்பு, வரி, பழுது. வாரம் ஒரு தடவை வெளியே எடுக்கும் காரின் காப்பீடு, பராமரிப்பு, ஆண்டுதோறும் அது இழக்கும் மதிப்பு. இந்த இரண்டில் ஒரு முடிவு எடுத்தால், பத்து வருடம் சந்தாக்களைத் துரத்துவதை விட அதிகம் மிச்சமாகும். ஆனால் அதற்கு மனதைத் திடப்படுத்த வேண்டும். சந்தாவை நிறுத்துவது சுலபம், அதனால் அதைச் செய்துவிட்டுச் சிக்கனமாக இருக்கிறோம் என்று நிம்மதியாகிவிடுகிறோம்.

என் கவலை அதுகூட இல்லை. வயதானவர்கள் சிக்கனம் என்று ஆரம்பித்தால் முதலில் எதில் கை வைக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? தங்கள் உடம்பில். காதுக்கருவியைத் தள்ளிப்போடுவார்கள். கண்புரை முற்றட்டும் என்பார்கள். குளியலறையில் ஒரு பிடிகம்பி வைக்கச் சொன்னால் "இவ்வளவு நாள் விழுந்தேனா?" என்பார்கள். மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுபவர்களும் உண்டு. மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையை உடைத்தால், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். அது ஆபத்து.

உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் 60 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். ஒரு பிடிகம்பியின் விலையையும் இடுப்பெலும்பு முறிந்த பின் ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். காது கேளாமை மறதி நோய்க்கான அபாயங்களில் ஒன்று, நம்மால் தடுக்க முயலக்கூடிய அபாயம் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்டது. 2024-இல் பார்வைக் குறைவையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. இவற்றைத் தள்ளிப்போடுவதை நான் சேமிப்பு என்று சொல்ல மாட்டேன். கடன் அது. வட்டியோடு வரும்.

நிலாமுற்றம்:
கண்ணையும் காதையும் குறைக்கச் சொன்னது யார்? நான் எழுதியதில் அப்படி ஒரு வரி இருக்கிறதா? மருந்திலும் உடம்புக்குக் கெடுதல் இல்லாத சிக்கனம் உண்டு. ஜெனரிக் மருந்தில் வேலை செய்யும் மூலப்பொருள் அதேதான். மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். மருந்துப் பட்டியலை ஆண்டுக்கொரு முறை அவர் முன் வைத்து, இன்னும் தேவைதானா என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். பழைய சீட்டில் இருந்தது என்பதற்காகவே தொடரும் மாத்திரைகள் பலர் வீட்டில் இருக்கின்றன.

அகல்விளக்கு:
இரண்டு பேரும் பணத்தை மட்டுமே எண்ணுகிறீர்கள். அந்த மிச்சம் யாருடைய உழைப்பில் வருகிறது என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

மார்க் அகியார், எரிக் ஹர்ஸ்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2005-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓய்வு பெற்றதும் உணவுக்கான செலவு சட்டென்று குறைகிறது, மக்கள் சரியாகச் சாப்பிடுவதில்லையோ என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். இவர்கள் அமெரிக்கக் குடும்பங்களின் உணவுக் குறிப்பேடுகளைப் பார்த்தார்கள். சாப்பாட்டின் அளவும் குறையவில்லை, தரமும் குறையவில்லை. கூடியது நேரம். விலை பார்த்து வாங்குவதற்கும் வீட்டில் சமைப்பதற்கும் கூடுதல் நேரம் போனது. பணத்தின் இடத்தில் நேரம் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

அந்த நேரம் யாருடையது? என் கணவர் ஓய்வு பெற்ற பிறகு வெளியே சாப்பிடுவது நின்றது, வேலைக்கு வந்த பெண்ணை நிறுத்தினோம், துணியை வெளியே தேய்க்கக் கொடுப்பது நின்றது. கணக்கு நோட்டில் இது மூன்றும் மிச்சம். மூன்றும் என் தலையில் வந்து சேர்ந்தன. மூட்டு வலியோடு செய்கிறேன். அவர் கெட்டவர் இல்லை, நோட்டில் அந்த வேலைக்கு ஒரு பத்தி இல்லாததால் அவர் கண்ணில் படவில்லை. இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: எந்தச் செலவை நிறுத்தலாம் என்று யார் சொல்கிறாரோ, அதனால் வரும் வேலையை அவர்தான் செய்ய வேண்டும். தேய்ப்பதை அவர் எடுத்துக்கொண்டார். வேலைக்கு அந்தப் பெண் திரும்ப வந்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் சிக்கனம் என்ற பெயரில் நாள் முழுக்க அதட்டல். கைபேசி சார்ஜரை ஏன் பிடுங்கவில்லை என்று ஒரு சண்டை. சும்மா செருகி வைத்த சார்ஜர் ஓராண்டு முழுக்க இழுக்கும் மின்சாரம் ஒன்றிரண்டு யூனிட்டைத் தாண்டாது. 2000 வாட் வாட்டர் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் 2 யூனிட் எடுக்கும். எதற்காகச் சண்டை போடுகிறோம் என்றாவது தெரிந்து போடலாம் இல்லையா?

கடற்காற்று:
அம்மா, இந்த நேரக் கணக்கை இவ்வளவு தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை. நிலாமுற்றம் ஐயா பதில் சொல்ல வேண்டும்.

நிலாமுற்றம்:
சொல்கிறேன். நேரத்தையும் எழுத வேண்டும் என்பது நியாயம். ஆனால் வேலை கூடாத சிக்கனங்களும் இருக்கின்றனவே. சந்தாவை நிறுத்தினால் யாருக்கும் வேலை வருவதில்லை. ஹீட்டரின் வெப்ப அளவைக் குறைத்து வைத்தால் வருவதில்லை. காப்பீட்டைப் புதுப்பிக்கும் முன் நான்கு இடத்தில் விலை கேட்டால் ஒரு பிற்பகல் போகும். நான் முதலிலிருந்து சொல்வது இப்படிப்பட்டவற்றைத்தான்.

ஒற்றைப்பனை:
நீங்கள் எல்லாரும் கையில் முதல் வைத்திருப்பவர்கள். 25 மடங்கு, 300 மடங்கு என்று பேசுகிறீர்கள். எனக்கு மாதாமாதம் ஒரு சின்ன ஓய்வூதியம், அவ்வளவுதான். குறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

சிக்கன அறிவுரைகளில் பாதி, பணம் இருந்தால்தான் செய்ய முடியும். மொத்தமாக வாங்கினால் மலிவு, ஆனால் மொத்தமாகக் கொடுக்கப் பணம் வேண்டும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் குளிர்பதனப்பெட்டி நல்லதுதான், முதலில் அதை வாங்க வேண்டும். ஆண்டுக் கட்டணமாகக் கட்டினால் தள்ளுபடி, மாதாமாதம் கட்டினால் கூடுதல். இல்லாதவன் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கிறான்.

எங்களைப் போன்றவர்களை முறிப்பது தினச் செலவு இல்லை. திடீரென்று வரும் ஒன்று. பல் வலி, கூரை ஒழுகல், ஒரு சாவு, ஒரு கல்யாணம். அன்றைக்குக் கையில் இல்லாவிட்டால் கடன். மாதம் 2% என்று கேட்கும்போது சின்னதாகத்தான் இருக்கும். வட்டிக்கு வட்டி ஏறினால் ஆண்டுக்கு 26.8% ஆகிறது. எந்தச் சிக்கனத்தாலும் அதைப் பிடிக்க முடியாது. அதனால் நான் செய்வது ஒன்றுதான். ஆண்டுக்கு ஒரு தடவை வரும் செலவுகளையெல்லாம் முன்கூட்டியே எழுதி, 12-ஆல் வகுத்து, ஓய்வூதியம் வந்த அன்றே எடுத்துத் தனியே வைத்துவிடுவேன். கடைசியில் மிஞ்சினால் வைக்கலாம் என்றால் மிஞ்சாது.

எண்ணும்எழுத்தும்:
ஒற்றைப்பனை அண்ணன் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு திருத்தம்.

பெங்கனின் 4% ஒரு விதி போலப் பேசப்படுகிறது. அது அமெரிக்கப் பங்குகளும் கடன் பத்திரங்களும் கலந்த சேமிப்புக்கு, 30 ஆண்டுகளுக்குப் போட்ட கணக்கு. டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் 1998-இல் செய்த ஆய்வும் அமெரிக்க விவரங்களைக் கொண்டதே. பணம் முழுவதையும் வைப்புத்தொகையில் போட்டிருப்பவருக்கு அந்த 4% அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது, எப்போது குறைக்கிறோம் என்பது. கையில் 100 இருக்கிறது, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 5 எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டு சந்தை 30% விழுந்து, அடுத்த இரண்டு ஆண்டும் 10% ஏறினால் மூன்றாம் ஆண்டு முடிவில் மிஞ்சுவது 68.9. அதே ஏற்றம் முதலில் வந்து இறக்கம் கடைசியில் வந்தால் 73.1. எதுவும் எடுக்காமல் இருந்தால் இரண்டிலும் ஒரே 84.7. சரிவு ஓய்வின் தொடக்கத்திலேயே வந்துவிட்டால் அடி பலமாக விழுகிறது. ஆகவே ஆயுள் முழுக்க ஒரே இறுக்கமாக இருக்கத் தேவையில்லை, அந்தச் சரிவு ஆண்டுகளில் இறுக்கினால் போதும். கைட்டன், கிளிங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-இல் சொன்ன முறையில், மீதமுள்ள சேமிப்பில் நாம் எடுக்கும் தொகையின் விகிதம் ஆரம்ப விகிதத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டால் செலவை 10% குறைக்க வேண்டும். அதே அளவு இறங்கிவிட்டால் 10% கூட்டிக்கொள்ளலாம். இந்தக் "கூட்டிக்கொள்ளலாம்" என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை.

கடற்காற்று:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். வேலை செய்யும் வயதில் சேர்ப்பதும் ஓய்வில் எடுத்துச் செலவழிப்பதும் ஒரே திட்டத்தின் இரண்டு பாதி என்பது பிராங்கோ மோடிகிலியானியின் கோட்பாடு. 1985-இல் நோபல் பரிசு வாங்கியவர். நம்மில் பலர் முதல் பாதியை மட்டும் செய்கிறோம். எண்பது வயதிலும் சேர்த்துக்கொண்டே இருக்கிறோம்.

நிலாமுற்றம்:
எத்தனை வயது வரை இருப்போம் என்று தெரிந்தால் நானும் எடுத்துச் செலவழிப்பேன். எழுபதோடு போனால் பணம் மிஞ்சும். தொண்ணூற்றைந்து வரை இருந்தால்? பிள்ளைகள் முன் கை நீட்டுவதை விட இன்று இறுக்கிப் பிடிப்பது மேல். இந்தப் பயத்தைப் பேராசை என்று பார்க்காதீர்கள்.

எண்ணும்எழுத்தும்:
பேராசை இல்லை ஐயா, நியாயமான பயம். அதற்கென்றே ஒரு வழி உண்டு. ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் தரும் ஆண்டுத்தொகைத் திட்டம். மெனாஹெம் யாரி என்ற பொருளியலாளர் 1965-லேயே இதன் தர்க்கத்தைக் காட்டிவிட்டார். சேமிப்பில் ஒரு பகுதியை அதில் போட்டு, வாடகை, சாப்பாடு, மருந்து மூன்றையும் அதிலிருந்து ஓட்டினால், மீதியைப் பயமில்லாமல் செலவழிக்கலாம்.

நிலாமுற்றம்:
அந்தத் தொகை விலைவாசியோடு ஏறுமா? ஏறாது என்றால், ஆண்டுக்கு 6% விலை ஏறும் இடத்தில் 12 ஆண்டில் அதன் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். விலை இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்று தோராயமாக அறிய 72-ஐ அந்த 6-ஆல் வகுத்தால் போதும், இதற்குப் பொருளியலாளர் தேவையில்லை. 65-இல் வாங்கியவருக்கு 77-இல் பாதி, 89-இல் கால். மருத்துவச் செலவு கூடும் வயதில் கையில் வருவது சுருங்குகிறது.

எண்ணும்எழுத்தும்:
ஏறும் வகையும் உண்டு, ஆனால் ஆரம்பத் தொகை குறைவாக இருக்கும். முழுவதையும் போடச் சொல்லவில்லை.

ஒற்றைப்பனை:
ஐயாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பணம் இருந்தும் காது கேட்காமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை நான் பார்க்கிறேன். பேரப்பிள்ளைகள் பேசுவது பிடிபடாமல் வெறுமனே தலையாட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பணம் இருந்தால் நாளைக்கே கருவி வாங்குவேன்.

அகல்விளக்கு:
நிலாமுற்றம் ஐயா, நேராகவே கேட்கிறேன். உங்கள் கணக்கு நோட்டில் இந்த ஆண்டு நிறுத்திய செலவுகளுக்குப் பக்கத்தில், புதிதாகச் சேர்த்த செலவு ஏதாவது உண்டா? உங்கள் வீட்டம்மாவைக் கேட்டுச் சேர்த்தது?

நிலாமுற்றம்:
ஒன்று உண்டு. குளியலறைப் பிடிகம்பியும் வழுக்காத விரிப்பும். இந்த விவாதத்துக்கு முன்பே போட்டது, அவள் கேட்டுத்தான். நிறுத்திய சந்தாக்களின் பணத்திலிருந்துதான் போட்டேன், அதனால்தான் சில்லறையை விடாதீர்கள் என்கிறேன். வீட்டைச் சின்னதாக்கச் சொல்லும் கடற்காற்று அவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். பழகிய அக்கம்பக்கத்தை விட்டு எழுபது வயதில் புது இடத்துக்குப் போனால், ஆத்திர அவசரத்துக்குக் கதவைத் தட்ட ஆள் இருக்காது. அந்த இழப்பை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

கடற்காற்று:
அதே தெருவில் சின்ன வீடு கிடைக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வேன். கிடைக்காவிட்டால் மாடியை வாடகைக்கு விடலாம். இரண்டும் முடியாதென்றால் காரையாவது விற்றுவிடுங்கள் ஐயா, அதற்கு அக்கம்பக்கம் தடையில்லை.