பழைய கேமிங் லேப்டாப்பை மாற்றிய அனுபவம்: கார்டின் பெயரோடு வாட்டையும் கேளுங்கள்

2017இல் வாங்கிய லேப்டாப். ஐ5-7300எச்க்யூ பிராசஸர், என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 4 ஜிபி கிராஃபிக்ஸ் மெமரி. நடுத்தர பட்ஜெட்டில் கேம் ஆட நினைத்த பலர் கையில் அப்போது இந்த ஜோடிதான் இருந்தது. கல்லூரிக் காலம் முழுக்க அதில்தான் கழிந்தது. இடையில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டேன், ரேமை 16 ஜிபி ஆக்கினேன். நல்ல மெஷின்.

மெதுவாகிவிட்டது என்று அதை நான் மாற்றவில்லை. அதற்கு வைத்தியம் இருக்கிறது. சென்னை வெயிலில் ஆட உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே சூடேறி எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்குத் திரையில் வரும் ஃப்ரேம்களின் எண்ணிக்கை) சரியும். ரிச்சி தெருவில் ஒரு சின்னக் கடையில் திறந்து பார்த்த அண்ணன், "தம்பி, ஃபேன் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. தூசி அடைச்சிருக்கு, பேஸ்ட் காஞ்சு போச்சு. அவ்வளவுதான்" என்றார். சுத்தம் செய்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவிய பிறகு பழையபடி ஓடியது. அதனால், ஸ்லோ என்ற ஒரே காரணத்துக்காக லட்ச ரூபாய் எடுத்து வைக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

வைத்தியம் இல்லாத பிரச்சினைகள் அப்புறம் வந்தன. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் ஆகிய இரண்டு கேம்களுக்கும் ரே ட்ரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போலக் கணக்கிடுவது) ஹார்ட்வேர் கட்டாயம். 1050 டிஐயில் அது கிடையாது. செட்டிங்கை எவ்வளவு இறக்கினாலும் பயனில்லை. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் முடிந்தது. விண்டோஸ் 11க்கான பட்டியலில் என் 7ஆம் தலைமுறை பிராசஸர் இல்லை. அதே மாதத்தோடு, என் 1050 டிஐ அடங்கிய 10 வரிசை கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதையும் என்விடியா நிறுத்தியது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். இதற்கு நடுவே டச்பேட் ஒரு பக்கம் லேசாக மேலே எழும்பியது. அடியில் பேட்டரி உப்பியிருந்தது. இப்படிக் கண்டால் அழுத்திப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், உடனே கழற்றக் கொடுங்கள்.

சரி, புதிது வாங்குவோம் என்று முடிவெடுத்தேன். 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி மாறியபோது லேப்டாப் விலையும் இறங்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். பெரிய டிவிகளுக்குத்தான் 28 சதவீதம் 18 ஆனது. லேப்டாப் முன்பே 18இல் இருந்தது, அப்படியே நின்றது.

கடையில் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். ஒரு ஷோரூமில் அதே கார்டு போட்ட இரண்டு லேப்டாப்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று மெலிசு, பார்க்கவும் அழகு. இன்னொன்று தடிமன். "ரெண்டும் சேம் கார்டு சார், மெலிசா இருக்கறத எடுங்க, தூக்கிட்டுப் போக ஈஸி" என்றார் விற்பனையாளர். டிஜிபி, அதாவது கார்டுக்கு அதிகபட்சம் எத்தனை வாட் மின்சாரம் கிடைக்கும் என்ற அளவு, எவ்வளவு என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, அட்டைப்பெட்டியிலும் போடவில்லை. அனுமதி கேட்டு இரண்டிலும் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, கீழே இடது மூலையில் உள்ள சிஸ்டம் இன்ஃபர்மேஷனைப் பார்த்தேன். அதில் மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர் என்று ஒரு வரி வரும். மெலிசில் இருந்த எண் தடிமனில் இருந்ததைவிட வெகுவாகக் குறைவு.

லேப்டாப் 5060க்கு என்விடியா கொடுத்திருக்கும் வரம்பு 45 முதல் 100 வாட் வரை. முந்தைய 4060க்கு 35 முதல் 115 வரை. அந்த வரம்புக்குள் எவ்வளவு கொடுப்பது என்பதை லேப்டாப் கம்பெனி தீர்மானிக்கிறது. குறைந்த வாட்டில் ஓடும் 5060 முழு வாட்டில் ஓடும் 5060 ஆகாது, பெயர் மட்டும்தான் ஒன்று. முன்பெல்லாம் குறைந்த வாட் கார்டுகளுக்கு மேக்ஸ்-க்யூ என்று பெயரிலேயே கொஞ்சம் அடையாளம் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. வாங்குகிறவர் கண்ணில் படும்படி இந்த எண்ணை அட்டைப்பெட்டியிலேயே அச்சிட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். சேமித்து வாங்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் கார்டின் பெயரை நம்பித்தான் பணம் கட்டுகிறார்கள்.

அங்கேயே டாஸ்க் மேனேஜரையும் திறந்தேன். மெமரி பகுதியில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். 16 ஜிபி ரேம் ஒரே குச்சியாக இருந்தது. ஒரே குச்சி என்றால் ரேம் ஒற்றைச் சேனலில், அதாவது ஒரே பாதையில் ஓடும், சில கேம்களில் வேகம் நன்றாகவே அடிபடும். இன்னொரு ஸ்லாட் காலியாக இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய லேப்டாப்பின் டிடிஆர்4 ரேம் இதில் பொருந்தாது, இதில் இருப்பது டிடிஆர்5. 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியதால் இரண்டாவது குச்சியை இன்னும் போடவில்லை.

தடிமனைத்தான் எடுத்தேன், ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. டூம் மிக அருமையாக ஓடுகிறது. மக்ஸ் ஸ்விட்ச் இருப்பதால் ஆடும்போது திரையை நேராக கிராஃபிக்ஸ் கார்டோடு இணைத்துக்கொள்கிறேன். விளம்பரங்களில் வரும் எஃப்பிஎஸ் எண்களில் பல, ஃப்ரேம் ஜெனரேஷன் (இடையிடையே ஏஐ உருவாக்கும் ஃப்ரேம்களைச் செருகுவது) போட்டு எடுத்தவை. அது இல்லாமல் எவ்வளவு வருகிறது என்று ரிவ்யூக்களில் தேடுங்கள். ஃபேன் இரைச்சல் அதிகம், ஹெட்போன் இல்லாமல் இரவில் ஆட முடியாது. அடாப்டர் செங்கல் கனம். அதன் பிளக் 16 ஆம்பியர் பெரிய பின், எங்கள் வீட்டு அறையில் இருந்ததோ 6 ஆம்பியர் சாக்கெட். மலிவு கன்வர்ட்டரை நம்ப மனமில்லாமல் எலெக்ட்ரீஷியனை வரவழைத்துத் தனியாகப் பெரிய சாக்கெட் போட்டோம். உங்கள் அறையிலும் பார்த்துவிட்டு வாங்குங்கள். மேசையிலேயே பெரும்பாலும் இருப்பதால் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வைத்திருக்கிறேன்.

எக்ஸ்சேஞ்சில் பழையதற்குச் சொன்ன தொகை மிகவும் குறைவு, கொடுக்க மனம் வரவில்லை. உப்பிய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதிது மாற்றி, லினக்ஸ் மின்ட் ஏற்றி, இப்போதுதான் இன்ஜினியரிங் சேர்ந்த சித்தி மகனுக்குக் கொடுத்தேன். கோடிங் பழகவும் பாடம் பார்க்கவும் தாராளமாகப் போதும்.

5060 வேறு மாடலில் வைத்திருப்பவர்கள், உங்களுடையதில் எத்தனை வாட் காட்டுகிறது என்று மாடல் பெயரோடு எழுதுங்கள். அடுத்து வாங்கப் போகிறவர்களுக்கு நேராக உதவும்.