மறுமொழி: ட்ரைக்கோமோனோசிஸ் (பறவைகளின் தொண்டையைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய்) – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'மயிர் ஓரலகு நோய்' எனலாம். கிரேக்க மூலம் அப்படித்தான்.

ஐயா, மூலத்தைச் சரியாகப் பிரித்திருக்கிறீர்கள். ஆனால் அந்த மயிர் பறவையினுடையதல்ல, ஒட்டுண்ணி நீந்த உதவும் கசையிழை (யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்தது சவுக்குமுளை). துண்டறிக்கையில் 'மயிர் நோய்' என்று எழுதி ஒட்டினால் இறகு கொட்டும் வியாதி என்றுதான் நினைப்பார்கள்.

ஒலிபெயர்ப்பிலும் வில்லங்கம். மனிதருக்குப் பாலுறவால் தொற்றும் ஒரு நோய்க்கும் கிட்டத்தட்ட இதே பெயர். அது வேறு இனக் கிருமி. குருவிக்குத் தீனி வைக்கிற அம்மாவை ஏன் மிரட்ட வேண்டும்?

இங்கே இங்கிலாந்தில் என் தோட்டத்துக்குப் போன மாதம் ஒரு கிரீன்ஃபிஞ்ச், பச்சை நிறச் சிறு குருவி, வந்தது. ('பச்சைப் பிஞ்சு' என்று எழுதப்போய், கத்தரிக்காய் நினைவு வந்து அழித்துவிட்டேன்.) உடம்பெல்லாம் உப்பி, கிட்டே போனாலும் பறக்காமல் தீனித்தட்டிலேயே உட்கார்ந்திருந்தது. அலகைச் சுற்றி ஈரம். சூரியகாந்தி விதையை உருட்டி உருட்டிப் பார்க்கிறது, இறங்கவில்லை. எச்சிலோடு தட்டில் விழுந்ததை அடுத்த குருவி பொறுக்குகிறது. பரவுகிற விதமே அதுதான். தொண்டையிலும் தீனிப்பையிலும் புண் திரண்டு, கடைசியில் பட்டினியால் சாகும்.

புறாக்களிடம் வெகுகாலமாக இருந்த நோய், 2005இல் பிரிட்டனில் ஃபிஞ்ச் இனங்களிடமும் தென்பட்டது. சுமார் 43 லட்சமாக இருந்த கிரீன்ஃபிஞ்ச் 2009க்குள் 28 லட்சமானது. 2021இல் இங்குள்ள சிவப்புப் பட்டியலில் (மிகவும் கவலைக்குரிய பறவைகளின் பட்டியல்) சேர்த்தார்கள்.

வெள்ளைக்கழிச்சல், கோமாரி, சப்பைநோய் என்றெல்லாம் பெயர் வைத்தவர்கள் கிரேக்கம் படித்தவர்களா? அதனால் என் பரிந்துரை: மிடற்றடைப்பான். மிடறு என்றால் தொண்டை, ஒருவாய் விழுங்குவதும் மிடறுதான்.

---

> என் பரிந்துரை: மிடற்றடைப்பான்.

அண்ணா, சொல் அழகு. ஆனால் மாட்டுக்கு வரும் 'தொண்டை அடைப்பான்' பாக்டீரியா நோய். டிப்தீரியாவையும் அப்படித்தான் சொல்கிறோம். உங்கள் சொல் கால்நடை மருத்துவர் காதில் அதன் செந்தமிழ் வடிவமாகவே விழும். தவிர, அடைப்பு பின்னால் வருவது, புண்தான் முதலில். 'மிடற்றுப்புண்' போதாதா?

இன்னொன்று: கிருமி இருந்தும் நோய் காட்டாத புறாக்கள் நிறைய. அவையே புறாப்பாலோடு (தீனிப்பையில் சுரந்து குஞ்சுக்கு ஊட்டுவது) குஞ்சுக்குக் கொடுத்துவிடும். எனவே நோய்க்குத் தமிழ்ப் பெயர் இருக்கட்டும், கிருமியை ட்ரைக்கோமோனாஸ் என்றே விடுவோம். இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் குழப்பம்.

---

தம்பி, மாடு முந்திக்கொண்டதால் விட்டுக்கொடுக்கிறேன். துண்டறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"குருவிக்கு மிடற்றுப்புண் கண்டால் தீனித்தட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் எடுத்துவிடுங்கள். கழுவி நன்றாகக் காயவையுங்கள். காய்ந்த இடத்தில் இக்கிருமி நெடுநேரம் தாங்காது. மனிதருக்குத் தொற்றாது."

மிடற்றுப்புண் – சேர்த்தே எழுதலாமா, பிரிக்க வேண்டுமா? நாளை அச்சுக்குப் போகிறது.