பழைய லேத்: முழுக்கப் பிரிக்கணுமா, முதலில் ஓட்டிப் பார்க்கலாமா?

சீவல்சுருள்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பழைய சென்டர் லேத் (கடைசல் இயந்திரம்) கைக்கு வந்திருக்கிறது. இரண்டு சென்டருக்கும் நடுவே சுமார் 600 மி.மீ., பெட்டில் (நீளமான வார்ப்பிரும்பு அடிப்பகுதி) முன்பக்கம் வி வடிவத் தண்டவாளம், பின்பக்கம் தட்டை, வேலைப்பொருளைக் கவ்வும் சக், ஸ்பிண்டிலின் (சுழலும் அச்சின்) மூக்கில் திருகி ஏற்றும் பழைய மாடல். மரை போடும்போது கேரேஜை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 8 மரை. பல வருஷம் ஓடாமல் நின்றதால் பெட் முழுக்கச் செந்துரு, கேரேஜுக்கு (டூலைத் தாங்கி பெட்டின் மேல் நகரும் பகுதி) அடியில் ஆயிலும் இரும்புத்தூளும் கலந்து கறுப்பாக இறுகிக் கிடக்கிறது.

கடைசி ஸ்க்ரூ வரை பிரித்து, பெட்டை எமரி தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, பெயின்ட் அடித்துத் திரும்பப் பூட்டலாம் என்று நினைக்கிறேன். ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. கேரேஜ் சக் பக்கத்தில் லொடலொடவென்று ஆடுகிறது. ஆட்டத்தைக் குறைக்கும் கிப் பட்டையை இறுக்கினால் அங்கே சரியாகிவிடுகிறது, ஆனால் டெயில்ஸ்டாக் (சக்குக்கு எதிர்முனையில் இருக்கும் தாங்கி) பக்கம் தள்ளினால் பிடித்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்கிறது. பெட்டை கிரைண்டிங்குக்கு அனுப்பித்தான் ஆகணுமா? மோட்டார் மூன்று ஃபேஸ், வீட்டில் ஒற்றை ஃபேஸ்தான், அதற்கு என்ன வழி? எங்கெங்கே என்ன ஆயில்?

பழைய டர்னர்:

தம்பி, முதலில் அந்த எமரி தாளைக் கீழே வையுங்கள். அதிலிருந்து உதிரும் பொடி கேரேஜுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, ஓட ஓட பெட்டையும் கேரேஜையும் சேர்த்து அரைக்கும். அதோடு கையால் தேய்த்தால் எங்கே எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது, தேயாமல் இருந்த இடத்தையும் நீங்களே தேய்த்துவிடுவீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, பித்தளைத் தகட்டால் சுரண்டி, மிச்சத் துருவுக்கு மெல்லிய ஸ்டீல் உல் (எஃகு நார்), மேடாக நிற்கும் அடிபட்ட தழும்புகளுக்கு மட்டும் தட்டையான ஆயில் கல், அவ்வளவுதான். துரு போன இடத்தில் கறுப்பாகக் கறை நிற்கும், நிற்கட்டும். அதனால் வேலைக்கு ஒரு குறையும் இல்லை. காற்றடித்துச் சுத்தம் செய்யவே கூடாது, தூளை உள்ளே தள்ளிவிடும். பிரஷ் போதும்.

கேரேஜ் ஒரு பக்கம் ஆடி மறுபக்கம் இறுகுவது தேய்மானம்தான். எல்லா வேலையும் சக்கை ஒட்டியே நடப்பதால் பெட் அங்கேதான் தேயும், டெயில்ஸ்டாக் பக்கம் புதிதாகவே இருக்கும். ஆனால் இதைப் பார்த்து உடனே கிரைண்டிங் என்று கிளம்ப வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 25 மி.மீ. விட்டமுள்ள கம்பியில் டூல் நேராக 0.05 மி.மீ. கீழே இறங்கினால் ஆரத்தில் வரும் வித்தியாசம் 0.0001 மி.மீ., அதை உங்கள் மைக்ரோமீட்டர் காட்டாது. அதே 0.05 பக்கவாட்டில் விலகினால் விட்டத்தில் 0.1 மி.மீ. அடிக்கும். முன் தண்டவாளம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் கேரேஜ் உங்கள் பக்கம் சாயும், டூல் வேலையை விட்டு விலகும், அதுதான் கவனிக்க வேண்டியது. ஆக, கண்ணால் பார்த்துத் தீர்ப்பு சொல்லாமல், சுத்தம் செய்து, ஆயில் விட்டு, ஓட்டி, அளந்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். கிப்பை இப்போதைக்கு இறுகுகிற இடத்தில் தடையில்லாமல் ஓடும்படி வையுங்கள், சக் பக்கம் கொஞ்சம் ஆட்டம் இருந்துவிட்டுப் போகட்டும்.

பெயின்ட் கடைசி வேலை. பளபளவென்று பெயின்ட் அடித்த லேத்தெல்லாம் ஒழுங்காகக் கடையும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

மைக்ரான்:

அண்ணன் சொல்வதில் ஒன்று மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பெட் சரி, ஆனால் ஹெட்ஸ்டாக்கை (ஸ்பிண்டில் இருக்கும் பெட்டியை) திறக்காமல் ஓட்டச் சொல்லக் கூடாது. பழைய லேத்தில் ஸ்பிண்டில் பேரிங் பெரும்பாலும் வெண்கலம் அல்லது வெள்ளை உலோக புஷ். அதற்கு ஆயில் துளை வழியாகவோ கம்பளித் திரி வழியாகவோ சொட்டுச் சொட்டாகப் போகும். பல வருஷம் நின்ற மெஷினில் அந்தத் திரி பிசின் பிடித்து இறுகியிருக்கும், இல்லை யாரோ ஒரு புண்ணியவான் ஆயில் துளையில் கிரீஸை அடைத்து வைத்திருப்பார். மேலே ஆயில் விட்டால் உள்ளே போகிறதா என்று தெரியாமல் மோட்டாரைப் போட்டால், நல்ல பேரிங்கும் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். பேரிங் மூடியைக் கழற்றி, ஆயில் பாதையைச் சுத்தம் செய்து, திரியை மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

கழற்றும்போது மூடிக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருந்தால் எது எந்தப் பக்கம், எத்தனை என்று எழுதி வையுங்கள், பேரிங் இடைவெளியே அவற்றில்தான் இருக்கிறது. கைப்பிடி, காலர், கியர்களில் இருக்கும் டேப்பர் பின்னை இரண்டு பக்கமும் அளந்து பார்த்து, சிறிய முனையிலிருந்து தட்டுங்கள். தப்பான பக்கம் தட்டினால் அது இன்னும் இறுகும். சக் கழறவில்லை என்றால் பேக் கியரை (ஸ்பிண்டில் வேகத்தைக் குறைக்கும் கியர்) பூட்டி வைத்துவிட்டு ஆளைப் போட்டு முறுக்காதீர்கள். பழைய லேத்களில் பல் உடைந்த பேக் கியர் இத்தனை இருப்பதற்கு அதுதான் பெரிய காரணம். பெல்ட் இறுகப் பிடிக்கட்டும், சக்கின் ஜாவில் (தாடையில்) ஒரு நீளக் கம்பியைக் கவ்வி அதைத் தட்டுங்கள்.

பேரிங் பார்க்க: ஸ்பிண்டில் மூக்கின் மேல் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவி) வைத்து, சக்கில் தடித்த கம்பி பிடித்து, அதை மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். புஷ் பேரிங்கில் 0.02, 0.03 மி.மீ. என்று காட்டினால் கவலை வேண்டாம். அதைவிட நிறைய என்றால், ஷிம் குறைக்கலாமா என்று பிறகு யோசிக்கலாம்.

ஆயில்: பெட்டுக்கும் ஸ்லைடுகளுக்கும் ஐ.எஸ்.ஓ. 68 ஸ்லைட்வே ஆயில். ஹெட்ஸ்டாக்குக்குப் பொதுவாக ஐ.எஸ்.ஓ. 32 ஹைட்ராலிக் ஆயில் ஒத்துவரும், ஆனால் உங்கள் மெஷினின் கையேடு கிடைத்தால் அது சொல்வதே முடிவு. ஸ்லைடுகளில் கிரீஸ் வேண்டாம், சீவல் அதில் ஒட்டிக்கொண்டு ஸ்லைடையே அரைக்க ஆரம்பித்துவிடும்.

துருப்பிடித்த சின்னப் பாகங்களை சலவைச் சோடா கலந்த தண்ணீரில் மின்சாரம் விட்டு எடுக்கலாம். பாகத்தோடு சேர்த்து வைக்கும் மற்றொரு மின்முனைக்குச் சாதாரண இரும்புத் தகடுதான், ஸ்டெயின்லெஸ் வேண்டவே வேண்டாம், குரோமியம் நச்சு தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வருவதால் திறந்தவெளியில் செய்யுங்கள். ஸ்பிரிங், கடினப்படுத்திய பாகங்களை இதில் போடாதீர்கள், நொறுங்கும் தன்மை வந்துவிடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, காய்ந்த நிலையில் உரசித் தூள் கிளப்பாதீர்கள்.

மின்கம்பி:

மோட்டாருக்கு வி.எஃப்.டி. (ஃப்ரீக்வென்சியை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) போடுங்கள், வேலை முடிந்தது. மோட்டார் தகட்டில் 230/400 என்று இருந்தால் உள்ளே டெல்டாவாக (மூன்று வைண்டிங்கும் முக்கோணமாக) மாற்றிக் கட்டினால், ஒற்றை ஃபேஸ் உள்ளே போய் 230 மூன்று ஃபேஸாக வெளியே வரும். வெறும் 400 என்று மட்டும் இருந்தால் ஸ்டார் முனையை (மூன்று வைண்டிங்கும் சேரும் புள்ளியை) பிரித்து வெளியே எடுக்க வேண்டியிருக்கும், அது வைண்டிங் தெரிந்தவர் வேலை. வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் எதுவும் வைக்காதீர்கள், ஓடும்போது அதைத் திறந்தால் வி.எஃப்.டி. போய்விடும். நிறுத்துவது, ஓட்டுவது, திருப்புவது எல்லாம் அதன் கன்ட்ரோல் முனைகள் வழியாகத்தான். பெல்ட் புல்லிகளைக் கழற்றி எறியாதீர்கள். ஃப்ரீக்வென்சியைக் குறைத்தால் பவர் குறையும், மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றி அது சூடாகும். கனமான வேலைக்குப் பேக் கியரும் பெல்ட்டும்தான்.

பழைய டர்னர்:

மின்கம்பி, இவருடைய சக் திருகி ஏற்றுவது என்பதை மறந்துவிட்டீர்கள். எதிர்ப்பக்கம் ஓட்டினாலோ, வி.எஃப்.டி.யில் பிரேக்கைச் சுருக்கென்று வைத்தாலோ சக் தானே கழன்று உருளும். பத்துப் பதினைந்து கிலோ சக் காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிற்கிற நேரத்தைச் சில விநாடிகளாக நீட்டி வையுங்கள். ரிவர்ஸைச் செட்டிங்கிலேயே மூடிவிடுங்கள்.

ஹெட்ஸ்டாக்கைத் திறக்கும் விஷயத்தில் மைக்ரான் சொல்வது சரி.

சீவல்சுருள்:

எல்லோருக்கும் நன்றி. பெட்டைச் சுத்தம் செய்தாயிற்று, ஹெட்ஸ்டாக்கில் மைக்ரான் சொன்ன மாதிரியே துளையில் கிரீஸ் அடைத்திருந்தது, எடுத்துவிட்டேன். தூக்கிப் பார்த்தால் 0.02 மி.மீ. மெஷினை மேசையில் போல்ட் போட்டு, தடித்த கம்பியை சக்கில் மட்டும் பிடித்து, 150 மி.மீ. இடைவெளியில் இரண்டு காலர் (வளையம் போன்ற மேடு) விட்டு, ஒரே செட்டிங்கில் மெல்லிசாகக் கடைந்தேன். வெளிக்காலர் 0.06 மி.மீ. பெரியது. இது பெட் தேய்மானமா? இன்னொன்று, மெட்ரிக் மரை போட முடியுமா?

மைக்ரான்:

தேய்மானம் என்று சொல்ல இன்னும் நேரமிருக்கிறது, முதலில் முறுக்கைப் பாருங்கள். வார்ப்பிரும்பு என்றாலும் பெட் நீங்கள் போல்ட் போட்ட மேசைக்கேற்ப முறுகும். நல்ல ரசமட்டம் (ஒரு மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டுவது) கிடைத்தால் பெட்டின் இரண்டு முனையிலும் குறுக்கே வைத்து, இரண்டிலும் ஒரே அளவு வருகிறதா என்று பாருங்கள். தரைக்கு மட்டமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, இரண்டு முனையும் ஒத்துப்போனால் போதும். ரசமட்டம் இல்லாவிட்டால் உங்கள் இரண்டு காலரே கருவி. வெளிக்காலர் பெரிதாக இருந்தால் டூல் உங்கள் பக்கம் விலகுகிறது, எனவே டெயில்ஸ்டாக் முனையில் நீங்கள் நிற்கும் பக்கத்துக் காலுக்கு அடியில் ஷிம் வைத்துக் கொஞ்சம் தூக்கி, திரும்பக் கடைந்து பாருங்கள். டெயில்ஸ்டாக்கில் சென்டர் கொடுத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அதன் விலகலும் சேர்ந்து குழப்பும். ஷிம் வைத்தும் வித்தியாசம் 0.02 மி.மீ.க்குக் கீழே இறங்காமல் நின்றால், அப்போது தேய்மானத்தைப் பற்றிப் பேசலாம்.

மெட்ரிக் மரை தாராளமாகப் போடலாம். 8 மரை என்றால் லீட் ஸ்க்ரூ பிட்ச் 3.175 மி.மீ., 1 மி.மீ. பிட்ச்சுக்கு 40க்கு 127 என்ற விகிதம் வேண்டும், 127 பல் கியர் ஒன்று இருந்தால் அச்சொட்டாக வரும். அது பெரிய கியர், உள்ளே இடம் இல்லையென்றால் 63 பல் வைத்துக் கணக்குப் போடுங்கள், பிழை 0.0125 சதவீதம்தான், சாதாரண நட்டு போல்ட்டில் அது தெரியாது. ஆனால் மரை முடியும்வரை ஹாஃப் நட்டை (கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கும் நட்டு) திறக்கக் கூடாது, ஒவ்வொரு தடவையும் டூலை வெளியே இழுத்து கேரேஜை ரிவர்ஸில்தான் கொண்டுவர வேண்டும். அண்ணன் ரிவர்ஸை மூடச் சொன்னார் இல்லையா, அதனால் மோட்டாரை நம்பாமல் ஸ்பிண்டிலின் பின்முனையில் மாட்ட ஒரு கைப்பிடி செய்துகொள்ளுங்கள், கையால் சுற்றிச் சின்ன மரைகளை அருமையாகப் போடலாம். மோட்டார் போடும் முன் அந்தக் கைப்பிடியைக் கழற்றிவிட்டோமா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.