அக்குளில் பால் கட்டுமா? மார்பு பற்றி நாம் வெளியில் சொல்லாத அனுபவங்கள்

கும்பகோணம், முதல் பிரசவம்

எனக்குக் குழந்தை பிறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. சிசேரியன், பெண் குழந்தை. எனக்கு நடந்ததை எழுதுகிறேன். இதே மாதிரி யாருக்காவது வந்திருந்தால் நீங்களும் சொல்லுங்கள்.

நான்காம் நாள் காலையில் ரவிக்கை மாட்ட இடது கையைத் தூக்கினேன். அக்குளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டையாக ஏதோ இருந்தது. தொட்டால் வலி. மதியத்துக்குள் வலது பக்கமும் லேசாகத் தடித்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "கையில ஊசி போட்டாங்கல்ல, அதுக்கு நெறி கட்டியிருக்கும்" என்றார். எனக்கு மனம் ஆறவில்லை. போனில் தேடினேன், தேடியிருக்கவே கூடாது. அன்று இரவு முழுக்கக் குழந்தையைப் பார்த்துப் பார்த்து அழுதேன்.

மறுநாள் டாக்டரம்மா கையை உயர்த்தச் சொல்லி விரல்களால் அழுத்திப் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "இதுவும் பால்தாம்மா" என்றார். நான் நம்பாமல் விழித்ததைப் பார்த்து உட்கார வைத்து விளக்கினார். மார்பு என்பது நாம் நினைக்கிற மாதிரி வட்டமாக முடிந்துவிடுவதில்லையாம். அதன் மேல் ஓரம் வால் போல நீண்டு அக்குள் வரை போகிறது. அது எல்லாருக்கும் உண்டு. சில பேருக்கு அதோடு அக்குளில் தனியாகவும் கொஞ்சம் பால் சுரப்பித் திசு இருக்கும். கருவில் ஆறாவது வாரம் வாக்கில் நம் உடம்பில் அக்குளிலிருந்து தொடையிடுக்கு வரை இரண்டு பக்கமும் ஒரு கோடு தோன்றுகிறதாம். நாய்க்கும் பன்றிக்கும் வரிசையாகக் காம்புகள் இருப்பது அந்தக் கோட்டில்தான். மனிதருக்கு மார்பில் மட்டும் தங்கி மற்றது மறைந்துவிடும். எங்கேயாவது துளி மிச்சம் இருந்தால் அது பேசாமல் கிடந்து, பிள்ளை பெற்றதும் மற்ற சுரப்பிகளோடு சேர்ந்து பால் ஊறும். வெளியே வர வழி இல்லாததால் வீங்கும்.

"அமுக்கிப் பிசையாதீங்க, ஈரத்துணியை வச்சு எடுங்க, போதும். பால் வெளியே போகலைன்னா அந்த இடம் தானா சுரப்பை நிறுத்திக்கும்" என்றார். பதினோராம் நாள் முழுக்க வற்றிவிட்டது. இப்போது கொஞ்சம் தளர்ந்த தோல் மட்டும் இருக்கிறது. அடுத்த பிரசவத்தில் மறுபடி வரலாமாம். வற்றாமல் கட்டியாகவே நின்றால் ஸ்கேன் பார்க்கத்தான் வேண்டும், அதையும் சொன்னார்.

நான் டிகிரி படித்தவள். இருபத்தெட்டு வயது வரை என் மார்பு எங்கே முடிகிறது என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

மதுரை, இரண்டு பிள்ளைகளின் அம்மா

அக்குளில் எனக்கு வரவில்லை தங்கச்சி, ஆனால் பால் கட்டிப் பட்ட பாடு இருக்கிறதே! பெரியவன் பிறந்து ஒன்றரை மாதம் இருக்கும். வலது மார்பில் வெளிப்பக்கமாக ஒரு துண்டு மட்டும் சிவந்து கல் மாதிரி ஆகிவிட்டது. குளிர் நடுக்கத்தோடு 103 டிகிரி காய்ச்சல். வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். கொதிக்கிற தண்ணீரில் துண்டை நனைத்து ஒத்தடம் கொடுத்து, கையால் அழுத்தி அழுத்தி நீவிவிட்டார்கள். இன்னும் வீங்கியதுதான் மிச்சம். "கெட்ட பால் ஊறியிருக்கு, பிள்ளைக்குக் குடுக்காதே" என்று மாமியார் தடுத்துவிட்டார். நல்லதுக்குத்தான் சொன்னார், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

டாக்டர் சொன்னது நேர் எதிர். பால் ஊறும் இடம் திராட்சைக் கொத்து மாதிரி, குட்டிக் குட்டிப் பைகள். அவற்றைச் சுற்றி மெல்லிய தசை. பைகளிலிருந்து கிளம்பும் குழாய்கள் காம்புக்கு வந்து சேர்கின்றன. வீங்கிய இடத்தில் அந்த மெல்லிய குழாய்கள் நசுங்கிக் கிடக்கின்றன. மேலே போட்டு அழுத்தினால் வீக்கம் கூடத்தானே செய்யும்? குளிர்ந்த ஒத்தடம், வலி மாத்திரை, காய்ச்சலும் சிவப்பும் குறையாததால் ஆன்டிபயாடிக். பால் கொடுப்பதை நிறுத்தவே வேண்டாம், அதனால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை என்றார். எப்போதும் போலக் கொடுக்க வேண்டும், வெறியோடு பீய்ச்சி எடுக்கவும் கூடாது. எடுக்க எடுக்க இன்னும் ஊறும். மூன்றாம் நாள் எழுந்து சமைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலைக்குத் திரும்பிய புதிதில் திருமங்கலம் பஸ்ஸில் பின் சீட்டில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. என் குழந்தை வீட்டில் இருக்கிறான். ஆனால் எனக்கு மார்பில் சுரீர் என்று ஊசி குத்தின மாதிரி இருந்தது, அடுத்த நிமிடம் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கினேன். அழுகைச் சத்தம் காதில் விழுந்தாலே மூளை ஆக்ஸிடோசினை அனுப்பிவிடுமாம், அது அந்தக் குட்டித் தசைகளைச் சுருக்கிப் பாலை வெளியே தள்ளும். பால் ஊற வைப்பது வேறு ஹார்மோன், புரோலாக்டின். அது ராத்திரியில் கூடுதலாகச் சுரக்கும். புதிதாகப் பெற்றவர்கள் ராத்திரிப் பாலைத் தவிர்க்காதீர்கள்.

திருப்பூர்

சின்ன மார்பு, பால் பத்தாது என்று பெண் பார்க்க வந்தபோதே ஒரு அத்தை சொன்னார். எனக்குக் கேட்கும்படிதான் சொன்னார். ஆறு மாதம் என் மகனுக்கு என் பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, ஏழே கால் கிலோ இருந்தான். வெளியில் தெரிகிற அளவு பெரும்பாலும் கொழுப்பு. சுரப்பித் திசுவுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. அடுத்த முறை யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். பூண்டும் பால்சுறாப் புட்டும் நானும் சாப்பிட்டேன், ருசியாக இருந்தது, உடம்புக்குத் தெம்பாகவும் இருந்தது. ஆனால் பாலைக் கூட்டியது பிள்ளை அடிக்கடி சப்பிக் குடித்ததுதான் என்று நான் நம்புகிறேன்.

ஆம்பூர்

எல்லாரும் குழந்தையோடு எழுதுகிறீர்கள். நான் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்கு எட்டாம் மாதம் முடியும்போது குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. வலி வரவைத்துப் பெற்றேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் விடிகாலை, மார்பு இரண்டும் பாறையாகி, படுத்திருந்த பாய் நனைந்து எழுந்தேன். பால். அதுவரை அழுகை வராமல் இருந்த எனக்கு அப்போதுதான் வந்தது. இதைப் பற்றி ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சட்டென்று இறங்கிவிடும், அதுதான் பால் சுரக்க உத்தரவு. குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று உடம்பு பார்ப்பதில்லை. பின்னால் ஒரு நர்ஸ் இதைப் பொறுமையாகச் சொன்னபோது என் உடம்பின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

எங்கள் பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பூக்காரம்மாவிடம் நான்கு முழம் மல்லிகை வாங்கிவந்து, நெருக்கமாகக் கட்டின சரத்தை மார்பில் சுற்றி மேலே துணி கட்டிவிட்டார். காலையில் வாடினதை எடுத்துவிட்டு மாலையில் புதுசு. நான்கைந்து நாளில் வலி குறைந்து பால் வற்றியது. பாட்டி வைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு தெரிந்தது, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதையே ஆராய்ச்சி செய்து 1988-ல் எழுதியிருக்கிறார்கள். மல்லிகை கட்டிய பெண்களையும், பாலை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரை சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். ரத்தத்தில் புரோலாக்டினை மாத்திரைதான் அதிகம் குறைத்தது. ஆனால் பால் கட்டுவதும் சுரப்பும் வலி மாத்திரையின் தேவையும் இரண்டு குழுவிலும் ஒரே மாதிரிதான் குறைந்தன. யாருக்காவது இப்படி நேர்ந்தால் டாக்டரிடம் கேளுங்கள், இப்போது வேறு மருந்துகளும் இருக்கின்றன. பெரியம்மா அன்று செய்தது வெறும் மூடநம்பிக்கை இல்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றியது.

மல்லிகை வாசனையை அதற்குப் பிறகு மூன்று வருடம் என்னால் தாங்க முடியவில்லை. என் தங்கை கல்யாணத்துக்குக்கூடக் கனகாம்பரம்தான் வைத்தேன்.

சென்னை, வியாசர்பாடி

நான் ஆண். அம்மாவுக்காக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பில் சுண்டைக்காய் அளவில் கட்டி இருந்ததை எட்டு மாதம் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. "வலிக்கவே இல்லையேப்பா" என்று பிறகு சொன்னார். அதுதான் எங்களை ஏமாற்றியது. நம் ஊரில் வலித்தால்தான் நோய். மார்பில் வருகிற புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. என்னிடம் சொல்லக் கூச்சம், மருமகளிடம் சொல்லவும் கூச்சம். கடைசியில் ரேஷன் கடை வரிசையில் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அவர் நேராக வந்து என் மனைவியிடம் சொன்னார்.

கண்ணாடி முன்னால் கையைத் தூக்கச் சொன்னபோது கட்டி இருந்த இடத்தில் தோல் உள்ளே குழிந்ததாம். மார்பைத் தோலோடும் உள்ளே தசையோடும் சேர்த்துத் தாங்கும் நார்கள் உண்டு. ஆஸ்ட்லி கூப்பர் என்ற இங்கிலாந்து அறுவை மருத்துவர் பெயரில்தான் அவற்றைக் குறிப்பிடுகிறார்கள், 1840-ல் மார்பின் உடற்கூறு பற்றிப் புத்தகமே எழுதியவர். கட்டி அந்த நார்களைப் பிடித்து இழுக்கும்போது தோல் குழிகிறது. காம்பும் புதிதாக உள்ளே திரும்பியிருந்தது.

உறவுக்காரர்கள், ஊசி குத்திப் பார்த்தால் பரவிவிடும் என்று பயமுறுத்தினார்கள். அதில் இன்னும் மூன்று வாரம் போனது. அப்படிப் பரவாது, ஊசியால் சதை எடுத்துப் பார்க்காமல் எந்த மருந்து என்று முடிவு செய்யவே முடியாது என்று மருத்துவர் கோபமில்லாமல் விளக்கினார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை. 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தொடங்கிய இடம் அது, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அங்கே உட்கார்ந்திருந்த நாட்களில் அம்மா வயதுப் பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தேன். சென்னையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்பு கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் முதலிடம், இப்போது மார்பகம்.

அறுவை முடிந்தது, அக்குள் நெறிகளில் மூன்றில் பரவியிருந்தது. மார்பின் நிணநீரில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் போகிறது. கீமோ, ரேடியேஷன் எல்லாம் ஆகி இரண்டு வருடம். தினம் ஒரு மாத்திரை. இடது கையில் ரத்தம் எடுக்கவோ பிரஷர் பார்க்கவோ விடமாட்டார், கை வீங்கிவிடும் என்று. மறந்துபோய் யாராவது அந்தக் கையைப் பிடித்தால் "அந்தக் கை இல்ல, இந்தக் கை" என்று வலது கையை நீட்டுவார்.

விழுப்புரம் பக்கம், கிராம சுகாதார செவிலியர்

தம்பி, அம்மா நன்றாக இருக்கட்டும்.

என் பத்தொன்பது வருட வேலையில் பார்த்தது ஒன்று. எங்கள் பெண்கள் "மார்பு" என்று சொல்ல மாட்டார்கள். "நெஞ்சுல என்னமோ இருக்குக்கா" என்பார்கள். ஒரு அம்மா இப்படிச் சொல்லி மூன்று இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்து, கேஸ் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, "எங்கேன்னு கை வச்சுக் காட்டுங்க" என்றேன். நான்காவது நாள் மாவட்ட மருத்துவமனையில் இருந்தார். அதிலிருந்து யார் நெஞ்சு என்று சொன்னாலும் கை வைத்துக் காட்டச் சொல்கிறேன்.

பயந்துவிடாதீர்கள். கட்டி என்றாலே புற்று இல்லை. காலேஜ் போகிற பெண்கள் பலர் வருவார்கள், விரலுக்குப் பிடி கொடுக்காமல் கோலிக்குண்டு மாதிரி நழுவும் கட்டி. ஃபைப்ரோஅடினோமா என்பார்கள், பெரும்பாலும் தொந்தரவு இல்லாதது. ஆனாலும் ஸ்கேன் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும், கையால் தொட்டுச் சொல்லிவிடக் கூடாது. சின்ன வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில், அதாவது மார்புக்கு எடுக்கும் எக்ஸ்ரேயில், சரியாகத் தெரியாது, அதனால்தான் முதலில் அல்ட்ராசவுண்ட் எழுதுவார்கள். மாதவிலக்குக்கு முன்னால் இரண்டு பக்கமும் கனத்து முடிச்சு முடிச்சாக இருப்பது சாதாரணம். எனவே பார்ப்பதானால் மாதவிலக்கு முடிந்து சில நாள் கழித்துப் பாருங்கள். நடு மூன்று விரல்களின் பட்டையால், நுனியால் அல்ல, சோப்பு நுரையோடு குளிக்கும்போது, காறை எலும்பிலிருந்து அக்குள் வரை. நம் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிந்திருந்தால்தானே மாறினால் தெரியும்? காம்பில் ரத்தம் கசிந்தாலோ, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆனாலோ காத்திருக்காதீர்கள்.

30 வயதுக்கு மேல் எங்களிடமே வந்து பரிசோதித்துக்கொள்ளலாம், காசு இல்லை. வெறும் கைப் பரிசோதனையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு: மும்பையில் டாட்டா மெமோரியல் மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருடம் தொடர்ந்து கவனித்தது. அதில் பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு 30 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது என்று 2021-ல் முடிவு வந்தது. அதற்குக் கீழ்ப்பட்ட வயதினரிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆண்களுக்கும் மார்புத் திசு உண்டு தம்பி, அரிதாக அவர்களுக்கும் புற்று வரும். காம்புக்கு அடியில் கட்டி தட்டுப்பட்டால் நீங்களும் காட்டுங்கள்.

கும்பகோணம், முதல் பிரசவம்

எல்லாருக்கும் நன்றி. ஆம்பூர் அக்கா, உங்கள் பதிவைப் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை அக்கா. நீங்கள் எழுதியது நல்லது.

வியாசர்பாடி அண்ணன் எழுதியதை அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அம்மா பாப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுக் காலையில் குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். புடவையைத் தோளில் போர்த்திக்கொண்டு நின்றார். "இங்க கொஞ்சம் தொட்டுப் பாரேன். ரெண்டு மாசமா இருக்கு, நெறின்னு நெனச்சேன்" என்று என் கையை எடுத்து அக்குளுக்குக் கீழே வைத்தார். சின்னதாக, கெட்டியாக ஒன்று இருந்தது. அம்மாவுக்கு 54 வயது.

வியாழக்கிழமை மேமோகிராமுக்கு டோக்கன் வாங்கிவிட்டோம். பாப்பாவையும் தூக்கிக்கொண்டு நானும் போகிறேன். பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.