புதுப்பிப்பு: ஆமை மேசையில் ஆட்கள் நின்றார்கள்!

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: பெசன்ட் நகர் கடற்கரையில் கடலாமை விழிப்புணர்வு மேசையில் நிற்கிறேன், துண்டறிக்கையை நீட்டினாலே ஆட்கள் விலகிப் போகிறார்கள் என்று. "பேசாதீங்க, காட்டுங்க" என்று ஒருவர் சொன்ன யோசனைப்படி, இந்த ஞாயிறு மேசையில் 100 டேபிள் டென்னிஸ் பந்துகளைக் குவித்தேன். ஒரு ஆமை ஒரு தடவை இடும் முட்டைகள் ஏறக்குறைய அவ்வளவு, பருமனும் அதேதான். குழந்தைகள் மொய்த்துவிட்டார்கள், பெற்றோர் வேறு வழியில்லாமல் நின்றார்கள். (நான்கு பந்துகளைக் காணோம். நாய் தின்றதாகக் கணக்கு.)

'ஆலிவ் ரிட்லி' என்ற பதாகையைப் பார்த்த மீனவப் பெரியவர், "பங்குனி ஆமைன்னு எழுதும்மா, இது யாருக்குப் புரியும்?" என்றார். சரிதானே! உடனே மார்க்கரால் எழுதினேன்.

விளக்கு வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துக் குஞ்சுகள் சாலைப் பக்கம் ஊர்ந்துவிடும் என்றதும், கடலோர வீட்டு மாமி ஒருவர் மட்டும் மாடி விளக்கை அணைப்பதாகச் சொன்னார். அடுத்த வாரம் எட்டிப் பார்க்க வேண்டும்.