டேப்லெட்டில் பாட்டு ரெக்கார்ட் செய்தால் தம்புரா மறைந்துவிடுகிறது, உதவி தேவை

மோகனத்தம்மா:
வணக்கம். மகள் வீட்டில் பாடி, ரெக்கார்ட் பண்ணி பாட்டு டீச்சருக்கு அனுப்பணும். ஆண்ட்ராய்டு டேப்லெட், அதோடவே வந்த வாய்ஸ் ரெக்கார்டர் ஆப். சுருதிக்கு இன்னொரு போனில் தம்புரா ஆப் ஓடுது.

ஆரம்பத்தில் தம்புரா நல்லாக் கேட்குது. போகப்போக அமுங்கி, காணாமலே போயிடுது. அதைவிட மோசம், அவள் கார்வை பிடிச்சு (ஒரே ஸ்வரத்தை நீட்டி) நின்னா குரலும் பாதியில் தேயுது. டீச்சர் "மூச்சு பத்தலையா?"ன்னு கேட்கிறாங்க. நேரில் கேட்டா கணீர்னு இருக்கு.

மைக்தான் கோளாறுன்னு 3.5 மி.மீ. பின் வெச்ச காலர் மைக் வாங்கினோம். துளிகூட வித்தியாசம் இல்லை. டேப்லெட்டையே மாத்தணுமா?

பாஸ்_பூஸ்ட்:
காலர் மைக் பேச்சுக்குத்தான் சகோ. கண்டென்சர் மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஸ்டாண்ட் மூணும் வாங்கிடுங்க. ஒரே தடவை செலவு.

ஈயப்பற்று:
எதையும் வாங்காதீங்கம்மா. முதல்ல ரெண்டு சோதனை.

யாரும் பாடாம தம்புராவை மட்டும் ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க. ஒலி முழுக்க ஒரே அளவா இருக்கா, சில விநாடியில் இறங்குதா?

அடுத்து, காலர் மைக்கைச் சொருகி, ரெக்கார்ட் ஓடும்போதே அதன் தலையை நகத்தால் சுரண்டுங்க. பிறகு டேப்லெட் விளிம்பில் இருக்கிற மைக் ஓட்டைப் பக்கம் சுரண்டுங்க. எது பலமா பதிவாகுது? அப்படியே பின்னில் எத்தனை கறுப்பு வளையம்னும் பார்த்துச் சொல்லுங்க.

மோகனத்தம்மா:
தம்புரா சில விநாடியில் அமுங்கிடுது. காலர் மைக்கைச் சுரண்டினது கேட்கவே இல்லை, டேப்லெட்டைச் சுரண்டினது கரகரன்னு கேட்குது! பின்னில் ரெண்டு வளையம்.

ஈயப்பற்று:
அப்போ இது ரெண்டு தனித்தனிப் பிரச்சினை.

முதலாவது, காலர் மைக் இதுவரை வேலையே செய்யலை. ரெண்டு வளையப் பின் கேமராவுக்கானது. போன், டேப்லெட் ஜாக்கில் மைக்குக்கு உரிய தொடர்பு நாலாவது துண்டில், பின்னின் அடியில் இருக்கும். அதுக்கு மூணு வளையப் பின் வேணும். உங்க பின்னைச் சொருகினா மைக் தொடர்பும் எர்த்தும் ஒட்டிக்கும். டேப்லெட் இதை மைக் இல்லாத ஹெட்போன்னு எடுத்துக்கிட்டு, தன் மைக்கிலேயே பதிவு பண்ணும். டிஆர்எஸ் (ரெண்டு வளையம்) - டிஆர்ஆர்எஸ் (மூணு வளையம்) அடாப்டர்னு கேட்டா கடையில் கிடைக்கும், விலை குறைவு. ஹெட்போன், மைக் ரெண்டையும் பிரிக்கிற ஸ்ப்ளிட்டரா இருந்தா மைக் படம் போட்ட துளையில் சொருகணும்.

ரெண்டாவதுதான் நிஜமான வில்லன், நாய்ஸ் சப்ரஷன். பேச்சு ஏறி இறங்கும். ஃபேன், ஏசி ஒரே சீரா ஓடும். சீரா ஓடுவதெல்லாம் இரைச்சல்னு கணக்குப் போட்டு மென்பொருள் அதைக் கழிக்கும். தம்புராவும் சீரா ஓடுவதுதானே, ஃபேனோட சேர்த்து அதையும் கழிச்சிடும். அசையாம நிக்கிற கார்வைக்கும் அதே கதி. பாப்பாவுக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கு, டீச்சர்கிட்ட சொல்லிடுங்க.

ஆப் செட்டிங்ஸில் நாய்ஸ் ரிடக்‌ஷன், ஆட்டோ கெயின், ஸ்கிப் சைலன்ஸ்னு என்ன இருந்தாலும் அணைங்க. அந்த வசதியே இல்லைன்னா, மைக் தேர்வில் "ரா" அல்லது "அன்ப்ராசஸ்ட்"னு காட்டுற வேற ரெக்கார்டர் ஆப் போடுங்க. பதப்படுத்தாத ஒலியை ஆப் கேட்டு வாங்கும் வழி ஆண்ட்ராய்டு 7-இலிருந்து இருக்கு. எல்லாக் கருவியும் தராது, ஆனா சோதிக்கச் செலவில்லையே.

கதைசொல்லி_மாமா:
இடையில் ஒரு சந்தேகம். ப்ளூடூத் இயர்போன் மைக்கில் பதிவு பண்ணினா என் குரல் பழைய டெலிபோன் மாதிரி வருது. அதுவும் இதுதானா?

ஈயப்பற்று:
இல்லை மாமா. ப்ளூடூத் மைக் பொதுவா கால் பேசும் முறைக்கு மாறிடும். அதில் மாதிரி வீதம் (விநாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்குதுங்கிறது) பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான், மேல் ஒலியெல்லாம் போயிடும். கதை சொல்ல ஒயர் மைக்கே போதும்.

மோகனத்தம்மா:
வேற ஆப் போட்டு "ரா" வெச்சோம். தம்புரா கடைசிவரைக்கும் அப்படியே நிக்குது! அடாப்டரும் வாங்கியாச்சு, காலர் மைக் வேலை செய்யுது. ஆனா இப்போ தாளம் போடுறது தொம் தொம்னு விழுது, துப்பட்டா உரசுறதும் கேட்குது. தம்புரா ரொம்பச் சின்னதா இருக்கு.

நாதப்பித்து:
அம்மா, கச்சேரி பதிவு பண்ணிப் பழக்கப்பட்டவன் சொல்றேன். காலர் மைக்கைக் கழட்டி வெச்சிடுங்க. அது நெஞ்சில் உட்கார்ந்திருக்கு, தொடையில் தட்டுறது உடம்பு வழியாவே ஏறும். வாய்க்கு மிகப் பக்கத்தில் இருப்பதால் தம்புரா அமுங்கத்தான் செய்யும்.

டேப்லெட் மைக்கே போதும். தரையில் வேண்டாம், மோடா மேல மடிச்ச போர்வை போட்டு அதில் வைங்க, பாப்பாவுக்கு ஒரு கை தூரத்தில். தம்புரா போனை டேப்லெட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி அளவு பாருங்க. தூரம் பாதியானா ஒலி சுமார் 6 டெசிபெல் ஏறும், அதனால வால்யூமைத் திருகுவதைவிட போனை நகர்த்துவதே மேல். மேல் ஸ்தாயியில் ஆப்பில் தெரியற அளவுமானி மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாம இருக்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டா குரல் உடையும், பிறகு எந்த மென்பொருளாலும் ஒழுங்கா மீட்க முடியாது.

டைல்ஸ் ஹாலைவிட மெத்தையும் துணி அலமாரியும் இருக்கிற அறை நல்லது. இப்போ இரைச்சலைக் கழிக்க யாரும் இல்லை, அதனால ஃபேனை நீங்கதான் அணைக்கணும்.

ஈயப்பற்று:
ஆமோதிக்கிறேன். மைக் ஓட்டையில் தூசி இருந்தா மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்க. சிம் எடுக்கிற ஊசியை உள்ளே விட்டுடாதீங்க, மைக் கிழிஞ்சிடும்.

மோகனத்தம்மா:
ரொம்ப நன்றி இருவருக்கும். மோடா யோசனை பிரமாதம். வேவ் (சுருக்காத ஒலி) ஃபைலா இருக்கு, வர்ணம் முழுசும் பாடினா பெருசாகுதே, வாட்ஸ்அப்பில் போகுமா?

நாதப்பித்து:
போகும். மோனோ, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் நிமிஷத்துக்கு 5 எம்பி சொச்சம்தான். வாய்ஸ் நோட்டா அனுப்பாதீங்க, "டாக்குமென்ட்"டா இணைச்சு அனுப்புங்க, அப்போதான் சுருக்காம போகும். டீச்சரை ஹெட்போனில் கேட்கச் சொல்லுங்க, போன் ஸ்பீக்கரில் மந்த்ர ஸ்தாயி (கீழ் ஸ்வரங்கள்) சரியா வராது.